பணவீக்கம் குறைந்துவிட்டது என்கிறார்கள், மளிகை பில் ஏன் குறையவில்லை?

'பணவீக்கம் 10 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாக இறங்கியது' என்று செய்தி வருகிறது. அதே வாரம் கடைக்குப் போனால் எண்ணெய், மாவு, சோப்பு எதுவும் ஒரு காசு குறைந்திருக்காது, சிலது கூடியே இருக்கும். அப்படியென்றால் செய்தி பொய்யா? பொய் இல்லை. அந்த எண் சொல்வது ஒன்று, நாம் அதில் தேடுவது வேறொன்று, குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் விட்டால், மாதக் கடைசியில் பணம் பற்றாமல் போவதற்கு நம் ஊதாரித்தனம்தான் காரணம் என்று நாமே நம்பத் தொடங்கிவிடுவோம். பல வீடுகளில் அப்படித்தான் சண்டை நடக்கிறது. அதனால் அடிப்படையிலிருந்தே பார்ப்போம்.

அந்த எண் எதை அளக்கிறது

பணவீக்க விகிதம் என்பது, போன வருடம் இதே மாதம் இருந்த விலையோடு ஒப்பிட்டால் இப்போதைய விலை எத்தனை சதவீதம் கூடியிருக்கிறது என்ற கணக்கு. அவ்வளவுதான். மூன்று வருடம் முன்பு என்ன விலை, ஐந்து வருடம் முன்பு என்ன விலை என்பதெல்லாம் அதற்குள் வராது. ஒரு சின்னக் கணக்கு போட்டால் விளங்கிவிடும்.

1. ஒரு மாதச் சாமான் பட்டியலுக்கு ஆரம்பத்தில் 100 ஆகிறது.
2. முதல் வருடம் 10 சதவீதப் பணவீக்கம். பில் 110.
3. அடுத்த வருடம் 6 சதவீதம். பில் 116.60.
4. மூன்றாம் வருடம் 2 சதவீதம். பில் ஏறக்குறைய 119.

பணவீக்கம் 10-லிருந்து 2 ஆனது, அது உண்மை. பில் 100-லிருந்து 119 ஆனது, அதுவும் உண்மை. விகிதம் இறங்கிய மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட விலை இறங்கவில்லை, ஏறும் வேகம்தான் குறைந்தது. விலையே இறங்க வேண்டுமென்றால் விகிதம் பூஜ்ஜியத்துக்குக் கீழே போக வேண்டும், அதற்குப் பெயர் பணவாட்டம். பொருளாதாரம் முழுக்க அப்படி நடப்பது அபூர்வம், நடந்தால் பெரும்பாலும் வேலையிழப்போடு சேர்ந்தே வரும் என்பதால் எந்த மத்திய வங்கியும் அதை விரும்புவதில்லை. பல நாடுகளில் மத்திய வங்கிகளின் இலக்கே 2 சதவீதம் என்பதைச் சுற்றித்தான் இருக்கிறது. அதாவது வருடா வருடம் விலை கொஞ்சம் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் திட்டம்.

இதன் மிகக் கொடுமையான உதாரணம் இலங்கை. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைக் குறியீட்டின்படி (வீடுகள் வாங்கும் பொருட்களின் விலையைத் தொகுத்துக் காட்டும் எண்) பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுக்கு மட்டும் 94.9 சதவீதம். சரியாக ஒரு வருடம் கழித்து, 2023 செப்டம்பரில், மொத்தப் பணவீக்கம் 1.3 சதவீதம். தலைப்புச் செய்தியாகப் பார்த்தால் பெரிய சாதனை. ஆனால் 100 ஆக இருந்த விலை முதலில் 170-ஐத் தொட்டு, அடுத்த வருடம் அங்கிருந்து இன்னும் கொஞ்சம் ஏறி 172 அளவில் போய் நின்றது. அந்த 72-ஐ யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

யாருடைய கூடையை வைத்துக் கணக்கு போடுகிறார்கள்

அரசுப் புள்ளிவிவர அலுவலகம் ஒரு சராசரிக் குடும்பத்தின் செலவுகளைக் கூடையாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு செலவுக்கும் ஒரு எடை, அதாவது மொத்தச் செலவில் அதன் பங்கு, கொடுக்கிறது. உணவுக்கு இத்தனை, வாடகைக்கு இத்தனை, போக்குவரத்து, மருத்துவம், உடை, போன், டிவி, விமான டிக்கெட் என்று எல்லாம் அதில் உண்டு. சராசரி என்றாலே யாருடைய வீட்டுக்கும் அச்சாகப் பொருந்தாதது என்றுதான் அர்த்தம்.

1857-இல் எர்ன்ஸ்ட் ஏங்கல் என்ற ஜெர்மானியப் புள்ளியியலாளர் ஒன்றைக் கவனித்துச் சொன்னார்: குடும்ப வருமானம் எவ்வளவு குறைவோ, அதில் உணவுக்குப் போகும் பங்கு அவ்வளவு அதிகம். இன்றுவரை கிட்டத்தட்ட எந்த நாட்டிலும் இது பொய்க்கவில்லை. இதை வைத்து இரண்டு வீடுகளைப் பாருங்கள். உணவு விலை 12 சதவீதம் ஏறுகிறது, மற்றதெல்லாம் 3 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

செலவில் பாதி உணவுக்கே போகிற வீட்டுக்குப் பணவீக்கம் 7.5 சதவீதம். செலவில் 12 சதவீதம் மட்டுமே உணவுக்குப் போகிற வீட்டுக்கு ஏறக்குறைய 4.1 சதவீதம். ஒரே ஊர், ஒரே கடை, ஒரே மாதம். ஆனால் ஒரு வீட்டுக்கு அடி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. டிவியில் வரும் எண் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கும், வசதியில்லாத வீட்டில் உட்கார்ந்து அதைக் கேட்பவருக்குக் கோபம் வருவது நியாயம்தான்.

இன்னொன்றும் உண்டு. 'முக்கியப் பணவீக்கம்' என்று தனியாக ஒரு எண் சொல்வார்கள், அதில் உணவையும் எரிபொருளையும் எடுத்துவிட்டுக் கணக்கு போடுவார்கள். இவை இரண்டும் மழை, போர் என்று எதற்கெடுத்தாலும் துள்ளிக் குதிப்பவை, அதனால் நீண்ட காலப் போக்கைப் பார்க்க இவை இல்லாத எண் மத்திய வங்கிக்கு உதவும். அதில் தவறில்லை. ஆனால் வீட்டுக்குத் தினமும் வாங்குவதே அந்த இரண்டும்தான் என்பதால், 'முக்கியப் பணவீக்கம் கட்டுக்குள் இருக்கிறது' என்ற வரியிலிருந்து உங்கள் அடுப்படி நிலவரத்தைத் தெரிந்துகொள்ள முடியாது.

விளைபொருள் விலை இறங்கிய பிறகும் கடை விலை ஏன் இறங்கவில்லை

ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு மாதா மாதம் ஒரு உலக உணவு விலைக் குறியீடு வெளியிடுகிறது. தானியம், தாவர எண்ணெய், இறைச்சி, பால் பொருள், சர்க்கரை ஆகியவற்றின் சர்வதேசச் சந்தை விலை அது. 2014 முதல் 2016 வரையிலான சராசரியை 100 என்று வைத்திருக்கிறார்கள். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்ததும், மார்ச் மாதம் இது வரலாறு காணாத அளவில் 160-ஐ ஒட்டிப் போனது. கோதுமை, சூரியகாந்தி எண்ணெய் இரண்டிலும் உலக ஏற்றுமதியின் பெரும் பங்கு அந்தப் பகுதியிலிருந்து வருவதால் அது எதிர்பார்த்ததே. ஆனால் 2023 முடியும்போது குறியீடு 120-க்கு அருகில் வந்துவிட்டது. அதாவது உச்சத்திலிருந்து கால் பங்கு சரிவு. அப்படியானால் கடை விலையும் கால் பங்கு இறங்கியிருக்க வேண்டாமா?

வேண்டாம், ஏனென்றால் நாம் கொடுக்கும் விலையில் விளைபொருளின் பங்கே சின்னது. அமெரிக்க வேளாண்மைத் துறை பல வருடங்களாக இதைக் கணக்கிட்டு வருகிறது. அங்கே உணவுக்குச் செலவாகும் ஒரு டாலரில் விவசாயிக்குப் போவது சுமார் 15 சென்ட்தான். மீதி 85 சென்ட் ஆலை, பேக்கிங், லாரி, குளிர்பதனம், கிடங்கு, கடை வாடகை, மின்சாரம், ஊழியர் சம்பளம், விளம்பரம், லாபம் என்று போகிறது (உணவகச் சாப்பாடும் இந்தக் கணக்கில் சேர்ந்தது). அதிகம் பதப்படுத்தாத பொருளுக்கு விவசாயியின் பங்கு கூடும், பாக்கெட்டில் அடைத்த தின்பண்டத்துக்கு இன்னும் குறையும்.

இப்போது கணக்கு போடுங்கள். 100 காசு உணவில் 15 காசு விளைபொருள் 25 சதவீதம் இறங்கினால் நமக்கு மிச்சமாவது 4 காசுகூட இல்லை. அதே சமயம் மீதி 85 காசுச் செலவு வெறும் 5 சதவீதம் ஏறினால் 4 காசுக்கு மேல் கூடிவிடும். விளைபொருள் சரிந்த வருடத்திலேயே பாக்கெட் விலை ஏறுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

இதோடு வேறு மூன்றும் சேர்கின்றன:

1. உரம். யூரியா தயாரிக்க அமோனியா வேண்டும், அமோனியா தயாரிக்கப் பெரும்பாலும் இயற்கை எரிவாயு வேண்டும். 2022-இல் எரிவாயு விலை தாறுமாறாக ஏறியபோது ஐரோப்பாவில் பல அமோனியா ஆலைகள் உற்பத்தியைக் குறைத்தன. அன்றைக்கு வாங்கிய உரத்தின் விலை, ஒரு பருவம் கழித்து அறுவடையாகி வரும் பொருளின் விலையில்தான் தெரியும். செய்தி ஓய்ந்த பிறகு பில் ஏறுவது இதனால்தான்.
2. நாணய மதிப்பு. தானியம், எண்ணெய், எரிபொருள் எல்லாம் உலகச் சந்தையில் பெரும்பாலும் டாலரில்தான் விலை பேசப்படுகின்றன. உலக விலை அசையாமல் இருந்தாலும் உள்நாட்டு நாணயம் 20 சதவீதம் விழுந்தால், இறக்குமதிப் பொருளின் விலை 25 சதவீதம் ஏறிவிடும்.
3. வியாபாரிகளின் தயக்கம். செலவு ஏறினால் விலை உடனே ஏறும், செலவு இறங்கினால் விலை மெல்லத்தான் இறங்கும். 'ராக்கெட்டும் இறகும்' என்று பொருளாதாரத்தில் இதற்குப் பெயரே உண்டு, முதலில் பெட்ரோல் விலையைப் பார்த்துச் சொன்னது. ஏற்றிய விலைக்கு வாடிக்கையாளர் பழகிவிட்டார் என்றால் இறக்குவதற்குக் கடைக்கு என்ன அவசரம்?

பில்லில் தெரியாத ஏற்றம்

விலையை அப்படியே வைத்துக்கொண்டு பாக்கெட்டைச் சிறிதாக்குவது அளவுச் சுருக்கம். 100-க்கு 200 கிராம் கிடைத்தது, இப்போது 100-க்கு 170 கிராம். எடை 15 சதவீதம் குறைந்தது, ஆனால் கிராமுக்கு நீங்கள் கொடுக்கும் விலை 17.6 சதவீதம் ஏறிவிட்டது. பாக்கெட்டின் உயரமும் அகலமும் அப்படியே இருக்கும், உள்ளே காற்று கூடியிருக்கும், சில டப்பாக்களின் அடிப்பக்கம் மட்டும் உள்நோக்கிக் குழிந்திருக்கும். புள்ளிவிவர அலுவலகங்கள் எடையையும் குறித்துக்கொள்வதால் இது பணவீக்கக் கணக்கில் ஓரளவு வந்துவிடும். வாங்குகிறவர் கண்ணுக்குத்தான் தப்பிவிடுகிறது. பிரான்சில் 2024 ஜூலை 1 முதல் 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள், இப்படிச் சுருங்கிய பொருளுக்குப் பக்கத்தில் இரண்டு மாதம் அறிவிப்பு வைக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. எளிய சட்டம், மற்ற நாடுகளும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

எடையும் மாறாமல் விலையும் மாறாமல் தரம் மட்டும் இறங்குவது இன்னும் மோசம், அதை அளப்பது மிகக் கடினம். 2024-இல் கோகோவின் விலை டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியது. உலகக் கோகோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டே நாடுகளில் விளைகிறது, அங்கே தட்பவெப்பமும் செடி நோயும் சேர்ந்து விளைச்சலைக் கெடுத்துவிட்டன. விளைவு, கோகோ வெண்ணெய் இருந்த இடத்துக்கு மலிவான வேறு கொழுப்பு வருகிறது, மேலே எழுதியிருப்பதும் 'சாக்லேட்' என்பதிலிருந்து 'சாக்லேட் சுவையுடன்' என்று மாறுகிறது. பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தால் மட்டுமே பிடிபடும்.

மலிவான பொருள்தான் அதிகம் ஏறியது

விலை ஏறினால் மலிவான பிராண்டுக்கு மாறிக்கொள்ளலாமே என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அல்பெர்டோ கவாலோ, ஒலெக்சி கிரிவ்ட்சோவ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 10 நாடுகளின் பெரிய கடைகளில் விலைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். 2020 ஜனவரி முதல் 2024 மே வரை அமெரிக்காவில் ஒவ்வொரு வகையிலும் மிக மலிவான பிராண்டுகள் 30 சதவீதம் ஏறியிருந்தன, மிக விலை உயர்ந்தவை 22 சதவீதம்தான். மற்ற நாடுகளிலும் சாய்வு அதே பக்கம்தான்.

காரணம் புரியாத ஒன்றல்ல. மலிவான பொருளில் விளம்பரச் செலவும் லாபமும் குறைவு, மூலப்பொருளின் பங்கு அதிகம், ஆகவே மூலப்பொருள் ஏறினால் தாங்கிக்கொள்ள அதற்கு இடமில்லை. போதாததற்கு, நடுத்தரக் குடும்பங்கள் எல்லாம் ஒரு படி இறங்கி அதே அலமாரிக்கு வருகின்றன, தேவை அங்கே கூடுகிறது. ஏற்கெனவே கடைசிப் படியில் நின்று வாங்கிக்கொண்டிருந்தவர் எங்கே இறங்குவார்? அளவைக் குறைப்பார், அல்லது அந்தப் பொருளையே விட்டுவிடுவார். பழம், காய்கறி, முட்டை, பால் என்று உடம்புக்கு வேண்டியவைதான் முதலில் குறைகின்றன, வயிற்றை நிரப்பும் மாவுப் பொருள் மிஞ்சுகிறது. இது எந்தப் பணவீக்க எண்ணிலும் வராது.

சில்லறையாக வாங்குவதன் தண்டமும் இங்கேதான் விழுகிறது. சின்னப் பாக்கெட்டில் கிராம் விலை பெரும்பாலும் அதிகம், பெரிய பாக்கெட்டை வாங்க ஒரே நேரத்தில் கையில் காசு வேண்டும். தினக்கூலிக்காரர் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி, மாதத்தில் வசதியானவரைவிட அதிகம் கொடுக்கிறார்.

இதில் லாபம் எவ்வளவு

நிறுவனங்களின் பேராசைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று ஒரு தரப்பு, செலவுதான் காரணம் என்று இன்னொரு தரப்பு. இரண்டுமே முழுசாகச் சரியில்லை. சர்வதேச நாணய நிதியம் 2023 ஜூனில் வெளியிட்ட ஆய்வின்படி, 2022 தொடக்கத்திலிருந்து யூரோ நாடுகளில் ஏற்பட்ட விலை உயர்வில் ஏறக்குறைய பாதி, நிறுவனங்களின் லாபம் கூடியதிலிருந்து வந்தது. ஆனால் எல்லாத் துறைக்கும் இது ஒரே மாதிரி பொருந்தாது.

பிரிட்டனின் போட்டி ஆணையம் அதே ஆண்டு மளிகைத் துறையைத் தோண்டிப் பார்த்தது. சூப்பர் மார்க்கெட்டுகளுக்கு நடுவே போட்டி பரவாயில்லை, விலை ஏற்றத்துக்குப் போட்டிக் குறைவு காரணமில்லை என்றது. ஆனால் பிராண்டட் பொருள் தயாரிப்பாளர்களில் சிலர் செலவு ஏறியதைவிட அதிகமாக விலையை ஏற்றியிருக்கிறார்கள் என்றும் கண்டது. அதில் என்னைத் தூங்கவிடாத பகுதி குழந்தைப் பால்மாவு. இரண்டு வருடத்தில் 25 சதவீதம் ஏற்றம். இரண்டே நிறுவனங்களின் கையில் சந்தையின் 85 சதவீதம். எந்தப் பிராண்டாக இருந்தாலும் குழந்தைக்குத் தேவையான சத்து இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது, அதாவது மலிவான டப்பாவும் போதுமானதுதான். ஆனால் பிறந்து சில வாரமே ஆன குழந்தையை வைத்துக்கொண்டு எந்தத் தாய் அலமாரி முன்னால் நின்று பரீட்சித்துப் பார்ப்பாள்? விலை அதிகமென்றால் நல்லதாகத்தான் இருக்கும் என்று நம்பி, தன் சாப்பாட்டில் குறைத்துக்கொண்டு அதையே வாங்குவாள். விலையை ஏற்றுபவருக்கு இந்தப் பயம் நன்றாகத் தெரியும். வாங்காமல் இருக்க முடியாத பொருள், மாற்றிப் பார்க்கத் தயங்கும் பொருள், இரண்டு மூன்று கம்பெனி மட்டுமே தயாரிக்கும் பொருள் என்ற மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் லாபம் கொழுக்கிறது. கண்காணிப்பும் முதலில் அங்கேதான் போக வேண்டும்.

அரசின் கையில் என்ன இருக்கிறது

வட்டியை ஏற்றினால் கடன் குறையும், வாங்குவது குறையும், விலை தணியும் என்பது மத்திய வங்கியின் வழி. கார், வீடு போன்றவற்றில் இது வேலை செய்யும். மழை பொய்த்ததால் ஏறிய விலைக்கு வட்டி என்ன செய்யும்? ஆனால் கடனில் இருக்கும் வீட்டுக்குத் தவணை மட்டும் ஏறிவிடும்.

விலைக்கு உச்சவரம்பு வைப்பது கேட்க இனிக்கும். ஹங்கேரி 2022 பிப்ரவரியில் சர்க்கரை, மாவு, சூரியகாந்தி எண்ணெய், பால் உட்பட 6 பொருட்களுக்கு வைத்தது. கடைகள் அந்த நஷ்டத்தை மற்றப் பொருட்களின் மேல் ஏற்றின, அந்த வருடக் கடைசியில் அங்கே உணவுப் பணவீக்கம் 40 சதவீதத்துக்கும் மேல் போனது. ஏற்றுமதித் தடை இன்னொரு வழி. இந்தோனேசியா 2022 ஏப்ரல் கடைசியில் பாமாயிலுக்கும், இந்தியா 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசிக்கும் தடை போட்டன. உள்நாட்டில் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கும், ஆனால் அந்தச் சரக்கை நம்பியிருக்கும் வேறு நாட்டின் ஏழை வீட்டில் விலை எகிறும். அடிப்படை உணவின் மேல் வரியைக் குறைப்பது, ஸ்பெயின் 2023 ஜனவரியில் செய்தது போல, நல்லதுதான், ஆனால் வசதியுள்ளவருக்கும் அதே சலுகை போகிறது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு நேராகப் பணமாகவோ பொருளாகவோ கொடுப்பதே எனக்கு நியாயமாகப் படுகிறது, அடி எங்கே விழுகிறதோ அங்கே போய்ச் சேரும்.

உங்கள் வீட்டுப் பணவீக்கத்தை நீங்களே அளப்பது

1. மாதம் தவறாமல் வாங்கும் பத்துப் பதினைந்து பொருளைத் தேர்ந்தெடுங்கள். விலையை எழுதாதீர்கள், 100 கிராமுக்கு அல்லது லிட்டருக்கு என்ன விலை என்று எழுதுங்கள். விலையை கிராம் எடையால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் போதும், திரவமென்றால் மில்லிலிட்டரால் வகுத்து 1000-ஆல் பெருக்குங்கள். பாக்கெட் சுருங்கினாலும் இதில் மாட்டிக்கொள்ளும்.
2. ஆறு மாதம் கழித்து அதே பட்டியலை மறுபடி எழுதுங்கள். எது அதிகம் ஏறியது, எது அசையவில்லை என்று தெரியும். மொத்த பில்லைப் பார்த்துப் பதறுவதைவிட இது பயன்படும்.
3. சலுகை விலை என்று எழுதியிருந்தால் நீங்கள் எழுதி வைத்த பழைய 100 கிராம் அல்லது லிட்டர் விலையோடு ஒப்பிடுங்கள். பெரிய பாக்கெட்டையும் அப்படியே ஒப்பிட்டுப் பார்த்த பிறகு வாங்குங்கள், பெரியது எப்போதும் மலிவு என்று கட்டாயமில்லை.
4. கடைசியாக உங்கள் சம்பளத்தை இதே கணக்கில் வையுங்கள்.

இந்த நான்காவது மிக முக்கியம். முதலில் போட்ட கணக்கில் பில் 119 ஆனது. சம்பளம் அதே மூன்று வருடத்தில் 100-லிருந்து 110 ஆகியிருந்தால், கையில் வரும் காசு கூடியது போலத் தெரிந்தாலும் வாங்கும் சக்தி ஏழரை சதவீதம் போய்விட்டது. இனிமேல் விலை வருடத்துக்கு 2 சதவீதம், சம்பளம் வருடத்துக்கு 4 சதவீதம் என்று ஏறினால்கூட, விட்டதைப் பிடிக்கவே நான்கு வருடம் ஆகும். அதற்குள் பற்றாக்குறையைச் சமாளிக்க வாங்கிய கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும். சம்பள உயர்வு பேசும்போது 'இப்போது பணவீக்கம் 2 சதவீதம்தானே, 3 கொடுத்தால் போதாதா' என்று முதலாளி கேட்டால், பேச வேண்டியது அந்த 2 பற்றி அல்ல, கடைசியாகச் சம்பளம் உயர்ந்த நாளிலிருந்து இன்றுவரை விலை மொத்தமாக எத்தனை சதவீதம் ஏறியிருக்கிறது என்பது பற்றி. அந்தக் கணக்கு நுகர்வோர் விலைக் குறியீட்டிலேயே இருக்கிறது: இரண்டு மாதங்களின் குறியீட்டு எண்ணை எடுத்து, புதியதைப் பழையதால் வகுத்து, அதிலிருந்து 1-ஐக் கழித்து 100-ஆல் பெருக்கினால் வந்துவிடும்.